மனநல வார்டில் நோயாளியைக் கட்டிப்போட்டால் நர்ஸுக்குப் பொறுப்பே இல்லையா?

கேள்வி: மனநல மருத்துவமனையில் சேர்த்த என் தம்பியை ராத்திரி முழுக்கக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். கேட்டால், "டாக்டர் சொன்னார்" என்கிறார் நர்ஸ். இது சட்டப்படி சரியா?

பதில்: நானும் மனநல வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ்தான். கட்டுவதைச் சட்டம் முழுதாகத் தடுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் "ராத்திரி முழுக்க" என்பதுதான் உறுத்துகிறது.

சங்கிலி என்றால் பேச்சுக்கே இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகினார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95வது பிரிவு, எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. தனியறையில் போட்டுப் பூட்டுவதும் கூடாது.

துணிப்பட்டையால் கட்டுவதை 97வது பிரிவு சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. அவருக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ உடனடி ஆபத்து இருக்க வேண்டும், அதைத் தடுக்க வேறு வழியே இருக்கக் கூடாது, சிகிச்சை தரும் மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். ஆபத்து தணிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். ஏன் கட்டினோம், எப்படி, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உடனே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது இந்தச் சட்டப்படி அவர் சார்பில் செயல்பட நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அது நீங்களாக இருந்தால், உங்களிடம் சொன்னார்களா?

அதே பிரிவில் இன்னொரு வரி உண்டு: தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டியும் கட்டக் கூடாது. எங்களில் பலருக்குச் சங்கடமான வரி இது. நைட் டியூட்டியில் வார்டு நிறைய நோயாளிகள், ஒரு சிஸ்டர், ஒரு அட்டெண்டர் என்றுதான் பல இடங்களில் ஓடுகிறது. "விடியும்வரை கட்டியே இருக்கட்டும்" என்ற முடிவுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் நோயாளியின் ஆவேசம் அல்ல, அட்டவணையில் இல்லாத இரண்டாவது நர்ஸ். ஆள் போடாத நிர்வாகம் தப்பித்துக்கொள்ளும், கையெழுத்துப் போட்ட நர்ஸ் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு இதில் கோபம் உண்டு.

ஆனாலும் "டாக்டர் சொன்னார்" என்பது பதில் ஆகாது. டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா, விரல் நுனி நீலம் பாரித்திருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். முடிச்சைக் கட்டில் சட்டத்தில் போட வேண்டும், ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் போடக் கூடாது. தண்ணீர் கொடுக்க வேண்டும், சிறுநீர் போக வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆவேசத்தைத் தணிக்கும் ஹாலோபெரிடால், ஃபெனர்கன் மருந்துகளை ஊசியாகப் போட்டுத் தூங்குகிறவரைக் குப்புறவோ, அசைய முடியாதபடி மல்லாக்கவோ விட்டுவிட்டால், மூச்சு அடைக்கலாம், வாந்தி புரையேறலாம். சொல்லப்போனால், தூங்கிவிட்டவரை எதற்குக் கட்டி வைக்க வேண்டும்? அப்போதே டாக்டரைக் கூப்பிட்டு, "அமைதியாகிவிட்டார், அவிழ்க்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு அந்த சிஸ்டருக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு.

இன்னொன்று, வீட்டார் பக்கம். "சிஸ்டர், காபியில மாத்திரையக் கலந்து குடுத்துடுங்க" என்று தினமும் யாராவது கேட்பார்கள். வீட்டில் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள், அவர்கள் தவிப்பும் புரிகிறது. ஆனால் 4வது பிரிவின்படி, ஒருவர் எடுத்த முடிவு நமக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. திறன் இருக்கிறவருக்குத் தெரியாமல் மருந்து கொடுக்க மாட்டேன். ஒருநாள் தெரிந்துவிட்டால் அப்புறம் மாத்திரையை மட்டுமா, சாப்பாட்டையே தொட மாட்டார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிகிச்சைக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமை 25வது பிரிவின்படி உங்கள் தம்பிக்கு உண்டு; அவர் மூலமாகக் கேளுங்கள். கட்டிய நேரம், அவிழ்த்த நேரம், காரணம், மருத்துவரின் அனுமதி நான்கும் இருக்கிறதா பாருங்கள். நேரம் எழுதாமல் வெறுமனே "கட்டப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அதுவே புகாருக்குப் போதும். முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே சரிப்படவில்லையென்றால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க இதே சட்டத்தின்கீழ் உள்ள மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். சட்டத்தை மீறியது உறுதியானால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கட்டிவைத்த கோலத்தில் தம்பியை வீடியோ எடுத்திருந்தால், கோபத்தில் டிவிக்காரர்களுக்கோ வாட்ஸ்அப் குரூப்புக்கோ அனுப்பிவிடாதீர்கள். சிகிச்சையில் இருப்பவரின் படம் அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குப் போகக் கூடாது என்பதும் இதே சட்டம்தான். அவர் தெளிந்த பிறகு அவரிடமே கேளுங்கள்.