நீளமான திகில் நாவலைப் பொறுமையாகப் படித்தால் பலன் உண்டா? உண்டு, குளிர்கிடங்கில் வேலை செய்பவன் சொல்கிறேன்

கேள்வி இதுதான்: டான் சிம்மன்ஸ் எழுதிய ‘த டெரர்’ நாவலை நூலகத்தில் எடுத்திருக்கிறேன். நூறு பக்கம் தாண்டவில்லை. எங்கே பார்த்தாலும் பனி, கப்பல், மறுபடி பனி. இவ்வளவு வர்ணனை இருக்கும் திகில் நாவலைப் பொறுமையாகப் படித்தால் கடைசியில் ஏதாவது கிடைக்குமா?

இதற்கு வந்திருக்கும் பதில்களில் பாதி, “விடுங்க, 2018ல் வந்த சீரியலைப் பாருங்க” என்கின்றன. அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் சிங்கப்பூரின் மேற்குப் பக்கம் ஒரு குளிர்கிடங்கில் இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர். உறைந்த கோழி, மீன், ஐஸ்கிரீம் எல்லாம் எங்கள் கிடங்கு வழியாகத்தான் கடைகளுக்குப் போகும். ஃப்ரீசர் அறை மைனஸ் 20 டிகிரி. வெளியே லோடிங் பே-யில் வேர்த்துக் கொட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே புரியும். நான் இலக்கியம் படித்தவன் இல்லை. ஆனால் குளிரைப் பற்றி யாராவது பொய்யாக எழுதினால் ரெண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றபடி ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் போன், வீடு போய்ச் சேர்வதற்குள் நாலு பக்கம். நூலகத் தவணை 21 நாள், அது முடியப் போகிறதே என்ற பதற்றம் வேறு. இந்த நாவலை அப்படிப் படிக்க முடியாது. குறை உங்களிடமும் இல்லை, புத்தகத்திலும் இல்லை. தவணையைப் புதுப்பித்துவிட்டு, ஒரு லீவு நாளில் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் உட்காருங்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதைப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1845ல் சர் ஜான் ஃப்ராங்க்ளின் தலைமையில் ‘எரெபஸ்’, ‘டெரர்’ என்று இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் வட துருவக் கடல் வழியாகப் பசிபிக்குக்குப் பாதை தேடிப் போயின. 129 பேர். 1846 செப்டம்பரில் கிங் வில்லியம் தீவுக்குப் பக்கத்தில் பனி இரண்டு கப்பலையும் பிடித்துக்கொண்டது. ஒன்றரை வருஷத்துக்கும் மேல் அங்கேயே கிடந்தார்கள். 1848 ஏப்ரலில் மிச்சமிருந்த 105 பேர் கப்பலைக் கைவிட்டுத் தெற்கே நடந்தார்கள். ஒருவரும் ஊர் திரும்பவில்லை. இவ்வளவும் வரலாறு. நாவலாசிரியர் இதன் மேல், பனியில் உலாவி ஆட்களை ஒவ்வொருவராகக் கொல்லும் ஒரு ஜந்துவைச் சேர்த்திருக்கிறார். நாவல் வந்தது 2007ல். நிஜக் கப்பல்களைக் கடலடியில் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான், எரெபஸை 2014ல், டெரரை 2016ல்.

இனி வர்ணனைக்கு வருகிறேன். ஆரம்ப அத்தியாயத்திலேயே, இந்தக் குளிரில் நெடுநேரம் நின்றால் மனிதனின் பல் வாய்க்குள்ளேயே வெடித்துச் சிதறும் என்று டெரர் கப்பலின் கேப்டன் க்ரோஸியர் நினைத்துப் பார்ப்பார். பாரன்ஹீட்டில் மைனஸ் 50, நம் கணக்கில் கிட்டத்தட்ட மைனஸ் 46. எங்கள் ஃப்ரீசரில் அவ்வளவு கிடையாது. “மைனஸ் 20ஐ வைத்துக்கொண்டு துருவத்தைப் பற்றிப் பேச வந்துட்டான்” என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் மைனஸ் 20லேயே பால்பாயிண்ட் பேனா எழுதாது, பென்சில்தான். ஸ்கேனர் பேட்டரி பாதியில் படுத்துவிடும். ஈர விரலோடு இரும்பு ரேக்கைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அந்த நாவலில் இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களில் ஒன்றுகூடத் தப்பாக இல்லை. எனக்கு அதன் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

கப்பலின் உள்ளமைப்பை அவர் பக்கம் பக்கமாகச் சொல்வது உங்களுக்கு அலுப்பாக இருந்திருக்கும். மேல்தளம், அதற்குக் கீழே ஆட்கள் தூங்கும் தளம், அதற்கும் கீழே சாமான் தளம், எல்லாவற்றுக்கும் அடியில் நிலக்கரியும் பிண அறையும். எந்த ஏணி எங்கே இறங்கும், நங்கூரக் கயிறு வைக்கும் அறைக்கு எப்படி ஊர்ந்து போக வேண்டும், குளிர்காலத்துக்காக மேல்தளத்தின் மேல் கித்தான் எப்படிக் கட்டியிருக்கிறார்கள், எல்லாம் வரும். அதை அவசரமாகத் தாண்டாதீர்கள். பின்னால் ஒரு புயல் இரவில் பிளாங்கி என்ற வயதான பனி வழிகாட்டியை அந்த ஜந்து மேல்தளத்தில் துரத்தும். விளக்கு இல்லை. அந்த ஆள் எந்தப் பக்கம் ஓட முடியும், எந்தப் பக்கம் ஓடினால் வழி அடைபடும் என்பது அவருக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அத்தியாயத்தை நான் படித்தது கோப்பிக் கடையில், ஷிஃப்டுக்கு முன்னால். கோப்பி ஆறிப் போய் ஆடை கட்டிவிட்டது. ஆசிரியர் அந்த இடத்தில் எதையும் விளக்குவதில்லை, விளக்கத் தேவையும் இல்லை. முன்னூறு பக்கம் நம்மை அந்தக் கப்பலில் குடியிருக்க வைத்துவிட்டாரே!

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஃப்ரீசர் அறையின் கூரையில் குளிர்க்காற்றை ஊதும் பெரிய விசிறிகள் இருக்கும். அவற்றின் இரைச்சல் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் காது அதை மறந்துவிடும். குளிரூட்டும் குழாய்ச் சுருளில் உறைபனி படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை விசிறி நின்று சுருள் சூடாகும். டீஃப்ராஸ்ட் என்போம். அப்போது அறை திடீரென்று அமைதியாகிவிடும். ரேக் இரும்பு டிக் டிக்கென்னும் சத்தம் கேட்கும். மேலே இளகிய பனி, தட்டில் தொப்பென்று விழும். வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம்தான், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அந்த நாவலில் கப்பலைச் சுற்றியுள்ள பனி இரவெல்லாம் முனகும், வெடிக்கும், உராயும். மரப்பலகைகள் அழுத்தம் தாங்காமல் நெரியும். அந்த ஆட்கள் அதற்குப் பழகிப் போய், எந்தச் சத்தம் பனியுடையது, எந்தச் சத்தம் பனியுடையது இல்லை என்று பிரித்தறியக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார்கள். ஆசிரியர் இதை ஒரு தடவை சொல்லி விடுவதில்லை, சொல்லிக்கொண்டே இருப்பார். உங்களுக்கு எரிச்சல் தருவது இந்தத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் என்று நினைக்கிறேன்.

நாவலில் பாதி தாண்டியிருந்த சமயம். அதிகாலை மூன்று மணி இருக்கும், கடைசி வரிசையில் பேலட் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். விசிறி நின்றது. டிக், டிக். அப்புறம் எனக்குப் பின்னால் மூன்று ரேக் தள்ளித் தொப்பென்று ஒரு சத்தம். டீஃப்ராஸ்ட் என்று எனக்குத் தெரியும். நேரம்கூடத் தெரியும். ஆனால் கால் நகரவில்லை. அடுத்த சத்தம் கிட்ட வருகிறதா, எட்டப் போகிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வாசல் பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு புதுக்கோட்டைப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். “அண்ணே, என்னண்ணே அப்படியே நின்னுட்டீங்க?”

“ஒண்ணுமில்ல தம்பி. கதவைத் திறந்தே வை.”

எந்தப் படமும் என்னை இப்படிச் செய்ததில்லை. படத்தில் வரும் பயம் தியேட்டர் வாசலோடு போய்விடும். இது காதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சொல்லிச் சொல்லித்தான் அதை உட்கார வைத்தார். கதைச் சுருக்கம் படித்தால் “பனியில் ஒரு ஜந்து வருகிறது, ஆட்களைக் கொல்கிறது” என்ற ஒரு வரி மட்டும் கிடைக்கும். அதில் யாருக்கும் பயம் வராது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நாவலின் பிற்பகுதியில் ஆட்கள் படகுகளைச் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்துப் போவார்கள். இழுக்கும்போது வேர்க்கும், நின்றால் அந்த வேர்வை உடுப்போடு சேர்ந்து உறையும். நான் முன்பு வேலை பார்த்த கிடங்கில் ஜாக்கெட் ஆளுக்கொன்று கிடையாது, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாறும். முந்தைய ஆளின் வேர்வை காயாத ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஃப்ரீசருக்குள் போக வேண்டும். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் முதுகில் ஈரம் சில்லென்று கல்லாக நிற்கும். கேட்டால், “தனியா ஜாக்கெட் குடுக்க பட்ஜெட் இல்ல” என்பார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆளுக்கொரு நல்ல நாற்காலி வாங்க மட்டும் பட்ஜெட் இருந்தது. இப்போது என் ஷிஃப்டில் ஆளுக்கொரு ஜாக்கெட், பெயர் எழுதித் தொங்குகிறது. அதற்காக நான் மேலே சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். அந்தச் சறுக்குவண்டிப் பக்கங்களை “ஒரே இழுவை” என்று ஒருவர் பதிலில் எழுதியிருந்தார். ஈர உடுப்போடு குளிரில் நின்றவன் அப்படி எழுத மாட்டான்.

“கடைசியில் எல்லோரும் சாகத்தான் போகிறார்கள், அது வரலாற்றிலேயே இருக்கிறது, பிறகு எதற்கு 700 பக்கத்துக்கு மேல் படிக்க வேண்டும்?” என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். சாவு தெரிந்ததுதான். அது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் வருகிறது என்பதுதான் இந்த நாவல். ஸ்கர்வி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இல்லாவிட்டால் உடம்பால் தழும்புத் திசுவைக் காப்பாற்ற முடியாது. எப்போதோ ஆறிப்போன காயங்கள்கூட மறுபடி வாய் பிளக்கும். கப்பல் மருத்துவர் குட்சரின் நாட்குறிப்பு வழியாக இது வரும்போது, ஜந்துவை நான் மறந்தே போனேன். நிஜத்திலும் 1859ல் தேடிப் போனவர்கள் அந்தத் தீவில் சறுக்குவண்டி மேல் ஒரு படகைக் கண்டார்கள். உள்ளே இரண்டு எலும்புக்கூடு, கூடவே வெள்ளிக் கரண்டிகள், புத்தகங்கள், பட்டுக் கைக்குட்டை. சாகப் போகிறவர்கள் இதையெல்லாம் ஏன் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று வரலாற்றுப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. நாவலில் அவர்களோடு நடந்த பிறகு புரிந்தது.

எல்லாம் அருமை என்று சொல்லவில்லை. லண்டன் விருந்து, ஃப்ராங்க்ளினின் பழைய கதை வரும் பகுதிகளில் சில பக்கங்களைக் குறைத்திருக்கலாம். கடைசிப் பகுதி, துருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் ஐதீகத்துக்குள் போய் வேறு நடையில் நகரும். எனக்குப் பிடித்தது, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நீளமான திகில் நாவல் எல்லாமே இப்படி என்றும் சொல்ல மாட்டேன். வர்ணனை பின்னால் எங்கேயும் வேலைக்கு வராத தடிப் புத்தகங்களைப் பாதியில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஐந்து பாகச் சரித்திர நாவலை விடிய விடியப் படித்ததைப் பெருமையாகச் சொல்லும் நம் ஆட்கள், திகில் நாவல் என்றதும் பத்து நிமிஷத்தில் பயமுறுத்தச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் யாருடைய பார்வை, எந்த இடம், எந்த மாதம் என்று போட்டிருக்கும். அதைப் பாருங்கள், முதல் பகுதியில் காலம் முன்னும் பின்னுமாகத் தாவுவதால் வரும் பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். ஆண்டிறுதி இரவில் பனி மேல் வண்ண வண்ணக் கித்தானில் அறைகள் கட்டிக் கொண்டாடும் ஓர் அத்தியாயம், நாவல் பாதியை நெருங்கும்போது வரும். அதுவரை போங்கள். அதைப் படித்த பிறகும் புத்தகத்தை மூட முடிந்தால் தாராளமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சீரியலை மட்டும் நாவலை முடிக்கும் வரை தொடாதீர்கள்.