108 ஆம்புலன்ஸ் இரவு டூட்டியில் குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் இன்னும் மந்தமாக இருப்பது ஏன்?
அரை மணியைத் தாண்டினால் மூளை ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து கேஸ் வந்தால் உடம்பு வண்டியில் ஏறிவிடும், மூளை பாயிலேயே கிடக்கும். தெளிய 15 முதல் 30 நிமிடம் ஆகலாம். அதனால் அலாரத்தை 20 நிமிடத்துக்கு வையுங்கள். படுக்கும் முன்பே காபி குடித்துவிடுங்கள். கஃபீன் வேலை செய்யக் கிட்டத்தட்ட அரை மணி ஆகும், எழும்போது கைகொடுக்கும். காலை 8 மணிக்கு டூட்டி முடிகிறதென்றால் அதிகாலை 3 மணிக்கு மேல் காபி வேண்டாம், பகல் தூக்கம் கெடும்.

மோசமான நேரம் 3 முதல் 5 வரை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05% மது உள்ளவருக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்ட வரம்போ 0.03%! மதுவுக்கு ஊதச் சொல்லலாம், தூக்கத்துக்கு என்ன செய்வது?

மருந்தில்தான் கூடுதல் பயம். அட்ரினலின் ஆம்ப்யூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி) 1 மில்லி, அதில் மருந்து 1 மி.கி. கடும் ஒவ்வாமையில் பெரியவருக்குத் தசையில் போடுவது 0.5 மில்லிதான், அரைத்தூக்கத்தில் கை ஆம்ப்யூல் முழுவதையும் சிரிஞ்சில் இழுத்துவிடும். வண்டி கிளம்பும் முன்பே அளவை வாய்விட்டுச் சொல்லி, சிரிஞ்சைப் பைலட்டிடமும் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்) காட்டிவிடுங்கள்.