வாசகர் கேள்வி – பதில்: நடுக்கடலில் பிடிபட்ட கப்பல்

கேள்வி: பரங்கிப்பேட்டை மரக்காயர்களின் கப்பல்கள் மலாய்க் கரை வரை போய்வந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் அப்படிப்பட்ட ஒரு கப்பலை ஐரோப்பியர் நடுக்கடலில் பிடித்துக்கொண்டால் அது கொள்ளையா, சட்டப்படி செல்லுமா? கப்பலுக்கு உரியவர் யாரிடம் போய்க் கேட்டார்?
(வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: அரசனின் ஆணைப் பத்திரத்தோடு புறப்பட்ட கப்பல், போர் நடக்கும் காலத்தில் பகைநாட்டுக் கப்பலைப் பிடித்தால் அது செல்லும், பத்திரம் இல்லாமலோ, பகையில்லாத நாட்டாருடைய கப்பலையோ பிடித்தால் அது கடற்கொள்ளை, அதற்குத் தண்டனை தூக்கு. ஐரோப்பிய அரசுகள் வைத்திருந்த விதி இதுதான். பிடித்த உடனே சரக்கு பிடித்தவனுக்குச் சொந்தமாகிவிடாது. கப்பலில் கிடைத்த தாள்களை நீதிமன்றத்தில் வைத்து, கப்பல் தலைவனையும் மாலுமிகளையும் விசாரித்து, கப்பல் யாருடையது, சரக்கு யாருடையது என்று தனித்தனியாகத் தீர்மானித்த பிறகே அதை விற்கலாம். ஒருவருடைய கப்பலில் இன்னொருவருடைய சரக்கு இருந்தால் எதைப் பிடிக்கலாம், எதை விட வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு விதி வேறுபட்டது. வழக்குகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்பியது.

நம் கரையின் கப்பல்களுக்கு இந்த விதிகளைவிடப் பெரிய தலைவலி அனுமதிச் சீட்டு. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே, தங்களிடம் ‘கர்த்தாஸ்’ என்ற சீட்டை வாங்காத கப்பலைப் பிடிப்போம் என்று அறிவித்துவிட்டார்கள். 1603இல் சிங்கப்பூருக்கு அருகே போர்த்துகீசியரின் ‘சாந்தா கத்தரீனா’ என்ற கப்பலை டச்சுக்காரர் பிடித்தபோது, அது முறைதான் என்று 1604இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செயலுக்கு நியாயம் சொல்லப் புகுந்த ஹியூகோ குரோஷியஸ் என்ற சட்ட அறிஞர், கடல் எவருக்கும் தனிச்சொத்து அல்ல என்று வாதிட்டார்; 1609இல் அது அச்சேறியது. அதே டச்சுக்காரர் 1641இல் மலாக்காவைப் பிடித்ததும், கெடா, பேராக் கரைகளின் வெள்ளீயத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்வதற்காக, நம் கப்பல்கள் தங்களிடம் சீட்டு வாங்க வேண்டும், மலாக்காவில் நின்று தீர்வை கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். எத்தனையோ தலைமுறையாக அந்தக் கடலில் ஓடியவர்களையே அனுமதி கேட்கச் சொன்னதை இன்று படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் கேட்ட ‘யாரிடம்’ என்பதற்கு வருகிறேன். ஐரோப்பாவின் நீதிமன்றம் போக வரப் பல மாதக் கடல்வழி. ஆகவே இழந்தவர் தன் ஊரை ஆள்பவரிடம் முறையிட்டார். ஆள்பவர் கரையில் கைக்கு எட்டிய ஐரோப்பியரைப் பிடித்தார். 1636இல் சூரத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்து அரசனின் ஆணையோடு வந்த, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியான ஒரு கூட்டத்தின் கப்பல்கள் செங்கடல் பக்கம் இந்திய வணிகரைக் கொள்ளையிட்டன. அந்தக் கப்பல்கள் எங்களுடையவை அல்ல என்று கம்பெனிக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் முகலாய அதிகாரிகள் கேட்கவில்லை. சூரத் கிடங்கின் தலைவர் வில்லியம் மெத்வோல்டு சிறையில் அடைக்கப்பட்டார்; கம்பெனி பணம் கட்டிய பிறகே விடுதலை. செய்தவன் ஒருவன், கட்டியவன் இன்னொருவன் என்றாலும், இழந்த வணிகருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

சீட்டே வினையானதும் உண்டு. வில்லியம் கிட் என்ற ஆங்கிலேயன், பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்கும் ஆணையோடு வந்தவன், 1698 ஜனவரி 30 அன்று கொச்சிப் பக்கம் ‘கெடா மெர்ச்சென்ட்’ என்ற கப்பலைக் கண்டான். வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போன அதில் ஆர்மீனிய வணிகரின் சரக்கு இருந்தது, தலைவர் ஆங்கிலேயர். கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். அதை நம்பி அவர்கள் தங்களிடமிருந்த பிரெஞ்சுச் சீட்டை நீட்டினார்கள். அப்படியானால் இது பிரெஞ்சுக் கப்பல் என்று பிடித்துக்கொண்டான். 1701இல் லண்டன் விசாரணையில் அவன் அந்தச் சீட்டைக் காட்டக் கேட்டபோது அது கிடைக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்திலேயே அது அகப்பட்டது. சீட்டு இருந்திருந்தாலும் ஆர்மீனியருக்கு இழைத்த அநியாயம் அநியாயம்தான் என்பதே என் எண்ணம். பிரான்சோடு நடந்த போரை முடித்த ரிஸ்விக் உடன்படிக்கை 1697 செப்டம்பரிலேயே கையெழுத்தாகிவிட்டது. 1693இல் டச்சுக்காரர் பிடித்த புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பியதும் அந்த உடன்படிக்கைதான்.

கேள்வி: கோட்டையின் கண்ணெதிரே, கரையை ஒட்டி ஒரு கப்பலைப் பிடித்தால் அது செல்லுமா? இதற்கெல்லாம் நம் பக்கத்தில் நீதிமன்றம் இருந்ததா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: சண்டையில் சேராத ஒருவருடைய கோட்டையின் பீரங்கி எட்டும் தூரத்துக்குள் கப்பலைப் பிடிப்பது முறையல்ல என்ற வழக்கம் மெல்ல உருவாகி வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுச் சட்ட அறிஞர் பிங்கர்ஷூக், கரையின் ஆட்சி அதன் ஆயுதம் எட்டும் தூரம்வரை என்று எழுதினார். கடலூர்க்காரருக்கு இந்த அளவுகோல் புதிதல்ல. 1690இல் மராட்டியரிடம் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர், சுற்றிலும் பீரங்கிக் குண்டு விழுந்த இடம்வரை தங்கள் நிலம் என்று அளந்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது.

நீதிமன்றம் சென்னையில் இருந்தது. 1683ஆம் ஆண்டின் அரச சாசனத்தின்படி 1686இல் ஏற்பட்ட அந்தக் கடல்சார் நீதிமன்றத்தில், சட்டம் படித்த ஒருவரும் வணிகர் இருவரும் அமர வேண்டும் என்பது ஏற்பாடு. கம்பெனியின் அனுமதி இல்லாமல் வாணிகம் செய்த ஆங்கிலேயரின் கப்பலையும் சரக்கையும் பறிமுதல் செய்வதே அதன் முதல் நோக்கம்; பரங்கிப்பேட்டை வணிகரின் குறையைத் தீர்ப்பதற்காக அது ஏற்படுத்தப்படவில்லை.