வாசல் வளைவில் ஏற்ற வாசனையான கொடி எது?

கேள்வி: சென்னையில் தனி வீடு. கேட்டுக்கு மேல் இரும்பு வளைவு போட்டிருக்கிறோம். ஹனிசக்கிள் வைக்கலாமா, இல்லை நம்மூர்க் கொடி ஏதாவது சொல்வீர்களா?

ஹனிசக்கிளை விட்டுவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் தாராளமாக வைக்கலாம். சென்னை வெயிலில் அதைத் தாஜா பண்ணியேதான் வளர்க்க வேண்டியிருக்கும். நர்சரியில் 'சைனீஸ் ஹனிசக்கிள்' என்று எடுத்துக் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அது ரங்கூன் மல்லி. உங்கள் வளைவுக்கு என் ஓட்டும் அதற்குத்தான்.

பொழுது சாயும்போது வெள்ளையாக விரியும். மறுநாள் ரோஜா நிறம், அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் சேர்ந்து தொங்கும். பூக்காம்பு என்று நாம் நினைப்பது உண்மையில் நீளமான குழல். தேன் அதன் அடியில் இருக்கும். அவ்வளவு ஆழத்துக்கு உறிஞ்சுகுழலை நீட்டக்கூடிய பெரிய அந்துப்பூச்சிகள் இரவில்தான் வரும். வாசல் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள், பூவில் உட்காராமல் அந்தரத்தில் சிறகடித்தபடியே குடிப்பது தெரியும். வாசனையும் அந்த நேரத்துக்கானதுதான். பட்டப்பகலில் முகர்ந்து பார்த்துவிட்டு 'மணமே இல்லையே' என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

தொல்லையும் உண்டு. இலை உதிர்ந்தாலும் காம்பின் அடி தண்டிலேயே தங்கி, காய்ந்து முள்ளாகிவிடும். தலைக்கு நேரே தொங்குவதை அவ்வப்போது நறுக்காவிட்டால் வருகிறவர்கள் புடவையைப் பிடித்திழுக்கும். வேரிலிருந்து பக்கக்கன்றுகளும் கிளம்பிக்கொண்டே இருக்கும். பூ ஓய்ந்ததும் தயங்காமல் கவாத்து செய்யுங்கள், புதுத் துளிரில்தான் பூ வரும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும். அரை நாளாவது நேர் வெயில் வேண்டும்.

தலையில் வைக்கப் பூ வேண்டும் என்றால் முல்லை. 'எல்லாம் மல்லிதாங்க' என்று ஏதாவது ஒன்றைக் கட்டிக்கொடுப்பார்கள், இலையைப் பாருங்கள்: முல்லையில் ஒரு பெரிய இலையின் கீழே இரண்டு பொடி இலை, காது மாதிரி. ஜாதிமல்லிக்குச் சிறகு போல ஒரே ஈர்க்கில் பல இலைகள். ஆனால் முல்லையை ஜனவரிக் கடைசியில் ஒட்ட வெட்டினால்தான் கோடையில் நன்றாகப் பூக்கும். வளைவு சில வாரம் மொட்டையாக நிற்கும், பரவாயில்லையா?

எனக்கு ரொம்பப் பிடித்தது மனோரஞ்சிதம். பச்சையாக இருக்கும்போது இலையோடு இலையாக ஒளிந்திருக்கும், பழுத்து மஞ்சளானதும் பழவாசனை தூக்கும். ஒரு பூவைப் பறித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் அறைக்கே போதும். பாம்பு வரும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துவார்கள். வாசனைக்குப் பாம்பு வராது. அடியில் புதரும் எலியும் சேரவிட்டால் எந்தச் செடிக்கும் வரும். ஆனால் அது நிதானமாக வளரும், தண்டு மரம் போல முற்றும். மெல்லிய கம்பி வளைவு அந்தப் பாரத்தைத் தாங்காது. பின்பக்க மதில் ஓரம் இடமிருந்தால் அங்கே ஒன்று வையுங்கள்.