வெளிநாட்டு உள்ளூர் நேரத்துக்கு இணையத்தில் எதை நம்பலாம்?

கேள்வி: நியூயார்க், லண்டன், சிட்னியில் இருப்பவர்களோடு இணையவழிக் கூட்டம் வைக்கிறோம். அடிக்கடி ஒரு மணி நேரம் பிசகிவிடுகிறது. எந்தத் தளத்தைப் பார்ப்பது?

பதில்: டைம் அண்ட் டேட் தளத்தைப் பாருங்கள். ஆனால் அதில் 'இப்போது மணி என்ன' என்ற பக்கம் உங்களுக்குப் பயன்படாது. அது இன்றைய வித்தியாசத்தைத்தான் காட்டும். 'மீட்டிங் பிளானர்' பக்கத்துக்குப் போய், ஊர்களோடு கூட்டம் நடக்கும் தேதியையும் கொடுங்கள். தேதி கேட்காத எந்தக் கருவியையும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு நம்பாதீர்கள்.

காரணம், கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் நாள் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னுக்குக் கொண்டுவருவார்கள். பிரிட்டனில் அது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆகவே மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரங்களும், அக்டோபர் முடிவில் ஒரு வாரமும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகிவிடும். உங்கள் கூட்டங்கள் பிசகுவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் இருக்கும். சிட்னியில் எல்லாமே தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே. அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் மாற்றுவதே இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவின் பெரும்பகுதியும் அப்படியே. அதனால் நாட்டின் பெயரை வைத்துத் தேடாமல் ஊரின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

அழைப்பிதழில் மூன்றெழுத்துச் சுருக்கம் இருந்தால் திருப்பிக் கேட்டுவிடுங்கள். ஐஎஸ்டி என்பது இந்தியாவுக்கும் உண்டு, இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் உண்டு. இதைவிட ஆபத்தானது ஈஎஸ்டி, அதாவது நியூயார்க்கின் குளிர்கால நேரம். ஜூலையில் நியூயார்க்கில் நடப்பது ஈடிடி என்ற கோடை நேரம், ஈஎஸ்டியைவிட ஒரு மணி முன்னால். ஆனாலும் பலர் வருடம் முழுக்க ஈஎஸ்டி என்றே எழுதுகிறார்கள். ஜூலையில் 'காலை 10 ஈஎஸ்டி' என்றால் எழுத்துப்படி நமக்கு இரவு 8:30. அனுப்பியவர் நினைத்தது 7:30. 'நியூயார்க் நேரம் காலை 10' என்று எழுதச் சொல்வதே நல்லது.

காலண்டரில் பதியும்போதும் இதே விதிதான். நேர மண்டலப் பட்டியலில் ஜிஎம்டி (லண்டனின் குளிர்கால நேரம்), ஈஎஸ்டி போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தால் அவை கோடையிலும் நகராமல் அப்படியே நிற்கலாம். 'யூரோப்/லண்டன்', 'அமெரிக்கா/நியூயார்க்' என்பவைதான் தேதிக்கேற்ப மாறும். சென்னையைத் தேடிக் கிடைக்காதவர்கள் 'ஏசியா/கொல்கத்தா' எடுக்கலாம், இந்தியா முழுவதற்கும் அது ஒன்றுதான். கொழும்புக்குத் தனிப் பெயர் உண்டு. இன்று இந்திய நேரமேதான் என்றாலும், 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை வேறு நேரத்தில் இருந்தது. பழைய பதிவுகளின் நேரத்தைக் கணக்கிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஊர்ப் பெயர்களும் விதிகளும் ஐஏனா (இணையத்தின் பெயர்கள், எண்களைப் பராமரிக்கும் அமைப்பு) வெளியிடும் ஒரே தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாம் அதைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஓர் அரசு சட்டத்தை மாற்றினால் அங்கே புதிய பதிப்பு வரும். அது உங்கள் கருவிக்கு வந்து சேர அப்டேட் வேண்டும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு கடிகார மாற்றத்தைச் சில நாட்களுக்கு முன்புதான் தள்ளிவைத்தது, பலர் ஏற்க மறுத்ததும் முடிவைத் திரும்பப் பெற்றது. அத்தகைய வாரத்தில் அந்த ஊர்க்காரரையே கேட்பதுதான் வழி.

நொடி சுத்தமான நேரம் வேண்டுமென்றால் டைம் டாட் ஐஎஸ் (time.is) தளம் போதும். உங்கள் கடிகாரம் எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்று சொல்லிவிடும்.

போனில் இருக்கும் விதிகள் பழையவையா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. உலகக் கடிகாரத்தில் கஜகஸ்தானின் அல்மாட்டியைச் சேருங்கள். 2024 மார்ச் 1 முதல் அது இந்தியாவைவிட அரைமணி பின்னால் இருக்கிறது. உங்கள் போனில் அரைமணி முன்னால் காட்டினால் விதிகள் பழையவை. அப்டேட் செய்யும்வரை அதன் உலகக் கடிகாரத்தை வைத்துக் கூட்டம் குறிக்காதீர்கள்.