அணு நகர்வதைப் படம் பிடிக்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

எக்ஸ்-கதிர் லேசர் பற்றிய உங்கள் கட்டுரையைப் பன்னிரண்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு மாணவி கேட்டாள்: "எந்தக் கேமராவும் அவ்வளவு வேகமாக இயங்காதே. அப்புறம் அணு நகர்வதைப் பார்த்தோம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?" எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஓர் இயற்பியல் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பெண் சொல்வது சரி. கேமராவுக்கு வேகம் தேவையே இல்லை. மழை இரவில் மின்னல் வெட்டும்போது விழுகிற துளிகள் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும் அல்லவா? வேகம் வெளிச்சத்தில் இருக்கிறது. இங்கே மின்னலுக்குப் பதில், 100 ஃபெம்டோ நொடிக்கும் குறைவாக நீடிக்கும் எக்ஸ்-கதிர்த் துடிப்பு. (ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஃபெம்டோ நொடி.) 100 ஃபெம்டோ நொடியில் ஒளியே 0.03 மில்லிமீட்டர்தான் போகும், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனையைச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் செய்தது, முடிவு 2005இல் வெளிவந்தது. இந்தியம் ஆன்டிமனைடு படிகத்தின் மேல் எக்ஸ்-கதிர் அல்லாத, சாதாரண ஒளி லேசரை அடித்து உருக்கினார்கள். லேசர் ஒரு கோணத்தில் வரும், எக்ஸ்-கதிர் வேறு கோணத்தில் வரும். அதனால் படிகத்தின் ஒரு ஓரத்தை எக்ஸ்-கதிர் தொடும்போது லேசர் இன்னும் அங்கே வந்திருக்காது. மறு ஓரத்திலோ அடி விழுந்து சற்று நேரம் ஆகியிருக்கும். ஒரே படத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நேரம் ஓடுகிறது! அடிபட்ட இடம் பாழாகிவிடும் என்பதால் அடுத்த துடிப்புக்குப் படிகத்தை நகர்த்திப் புது இடத்தைக் காட்டுவார்கள்.

ஒன்றை மாணவியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இது தனி ஓர் அணுவைத் துரத்திய படம் அல்ல. அணுக்களின் அடுக்கு ஒழுங்காக இருந்தால் சிதறிவரும் கதிர் பளிச்சென்று விழும், அடுக்கு கலையக் கலைய மங்கும். எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதிலிருந்து, கோடானுகோடி அணுக்கள் சராசரியாக எவ்வளவு தூரம் விலகின என்று கணக்கிடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் கிடைத்ததை முதலில் படித்தபோது சிலிர்த்துப் போனேன். சாதாரணமாக உருகுவதற்கு அணுக்கள் சூடேற வேண்டும். இங்கே அதற்கு நேரமே இல்லை. லேசர் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிட, அணுக்களைப் பிடித்திருந்த பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. அறை வெப்பத்தில் ஏற்கெனவே இருந்த வேகத்திலேயே, போய்க்கொண்டிருந்த திசையிலேயே அவை நேராகப் போகின்றன. கவணிலிருந்து விடுபட்ட கல்போல. முதல் சில நூறு ஃபெம்டோ நொடிகளுக்கு அவ்வளவுதான் நடக்கிறது.

வேறு பல சோதனைகளில் லேசர் வரும் பாதையில் ஒரு கண்ணாடியை நகர்த்தித்தான் லேசருக்கும் எக்ஸ்-கதிருக்கும் இடையிலான தாமதத்தை மாற்றுவார்கள். ஒளி நேராகப் போய்ப் பட்டு, வந்த வழியே திரும்புகிறது, கண்ணாடியை 0.015 மில்லிமீட்டர் பின்னே தள்ளினால் எவ்வளவு தாமதம்? அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை எனக்கு எழுதினால் மகிழ்வேன்.