ரத்தக்கழிச்சலுக்கு டானிக்கா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் கொட்டகை போட்டு 120 நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறேன். வயது 28 நாள். மழை பிடித்ததிலிருந்து எச்சத்தில் ரத்தம். இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒடுங்குகின்றன. ஒன்பது செத்துவிட்டன. குடற்புழு மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. கடைக்காரர் அம்ப்ரோலியம் பொடியோடு, 'எதிர்ப்புச் சக்தி மரபணுவைத் தூண்டும்' என்று ஒரு டானிக்கும் தந்தார். இரண்டையும் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கலக்காதீர்கள். டானிக் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் பி1 அடங்கிய பி-காம்ப்ளெக்ஸ் இருக்கும். அம்ப்ரோலியம் ரத்தக்கழிச்சல் மருந்து. பி1 வைட்டமின் மாதிரி வேடம் போட்டுத்தான் அது காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. நீங்கள் அசல் பி1-ஐக் கூடவே ஊற்றினால் மருந்து வீண். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கிற கடைக்காரருக்கு இது தெரியவில்லையென்றால் அவர் மருந்து விற்கக் கூடாது. தெரிந்தே கொடுத்தால் அதைவிட மோசம். 20 சதவீதப் பொடி என்றால் லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், 5 நாள். தினமும் புதிதாகக் கரையுங்கள், வேறு தண்ணீர் வைக்காதீர்கள். டானிக் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு.

குடற்புழு மருந்து கேட்காததில் வியப்பில்லை. உருண்டைப்புழு வளர்ந்து முட்டையிடவே 5 முதல் 8 வாரம் ஆகும். 28 நாளில் ரத்தம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காக்சிடியா. அது புழுவே அல்ல, குடல் செல்லுக்குள் புகுந்து பெருகும் ஒற்றைச் செல் உயிரி. அடுத்துச் சாகிற குஞ்சை உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குருட்டுக்குடல் இரண்டும் வீங்கி ரத்தம் கட்டியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

மரபணு விஷயம் முழுப் பொய்யும் இல்லை. காக்சிடியா நுழைந்ததும் குடல் சுவரிலுள்ள டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில், இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்யும் மரபணு வேலையைத் தொடங்கும். புழு என்றால் இன்டர்லூக்கின் 4, 13 என்று வேறு புரதப் படை கிளம்பும். எதிர்ப்பைத் தணிக்கும் இன்டர்லூக்கின் 10 அளவுக்கு மீறிச் சுரக்கிற கோழி வகைகள் காக்சிடியாவில் அதிகம் அடிபடுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இந்தப் படையைப் பழக்குவது கிருமிதான், பாட்டில் அல்ல. குஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமியை விழுங்கி, தேறி, மறுபடி விழுங்கி எதிர்ப்பைச் சம்பாதிக்கிறது. அதுவும் அந்தந்த இனத்துக்கு மட்டும். கோழியைத் தாக்கும் காக்சிடியாவில் முக்கியமானவையே ஏழு இனம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: கிருமி ஏன் 'கொஞ்சம்' என்ற அளவைத் தாண்டியது? தண்ணீர்த் தட்டுக்கு அடியிலிருந்து தரையில் பரப்பிய ஆழ்கூளத்தில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டையாக நின்றால் நோய் அங்கேதான் விளைகிறது. எச்சத்தில் வரும் காக்சிடியா முட்டை அப்படியே தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்துவிடும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, ரப்பர் நிழலில் வெயிலும் எட்டாது. அதிலும் தென்னை நார்க்கழிவு பரப்பியிருந்தால் குடித்த தண்ணீரை விடாது; நன்றாகக் காய்ந்த மரத்தூள் மேல். தட்டுகளைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். நனைந்ததை அன்றன்றே அள்ளுங்கள், மீதியைத் தினமும் கிளறுங்கள். சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் படுதா கட்டுங்கள், நாலு பக்கமும் மூடிப் புழுங்க விடாதீர்கள். ஃபினாயில் தெளிப்பது மணத்துக்கு ஆகும். அந்த முட்டையின் ஓட்டை அது துளைக்காது.

பெரிய கோழிகளைக் குஞ்சுக் கொட்டகைக்குள் விடாதீர்கள். அவை நோவு காட்டாமலேயே எச்சத்தில் கிருமியைக் கழிக்கும். குஞ்சுத் தீவனச் சாக்கின் சீட்டையும் பாருங்கள். காக்சிடியா மருந்து ஏற்கனவே கலந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.